நெகட்டிவ் கவரின் பின்பக்கம்

2004 டிசம்பர் 26 காலை எட்டேகால் மணிக்கு நான் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். பென்ஷன் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு பாட்டியை ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்தை நேராக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் எட்டு வருடம் வேறு ஒரு கதையைத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். மார்கழி என்பதால் கல்யாண ஆர்டர் கிடையாது. அந்த மாதத்தில் எங்களுக்கு வேளாங்கண்ணிதான் சோறு போடும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைக்கு மொட்டை போட்டுக் கோயில் வாசலில் படம் எடுக்க வேண்டும் என்று 200 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தது. நாகையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஒன்பதுக்கு அங்கே நிற்பதாகப் பேச்சு.

அதற்கு முன்பே, ஏழு மணி வாக்கில், மயிலாப்பூரிலிருந்து என் சித்தி எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருந்தார். "ஆறரை இருக்கும்டா, கட்டில் லேசா ஆடுச்சு. அலமாரியில டம்ளரெல்லாம் சத்தம் போட்டுச்சு. தெருவே வெளியில நிக்குது" என்றார். அம்மா ரிசீவரை வாங்கி, "இங்க ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு எடுக்க வேண்டிய புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் குளிக்கப் போனேன்.

சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது நம்முடைய நேரத்துக்குக் காலை 6.28. நாகைக் கரையில் கடல் ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. சித்தியின் போன் வந்தபோது இரண்டு மணி நேரம் மிச்சம். பூகம்பத்தையும் கடலையும் சேர்த்து யோசிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஊரிலும் தெரியவில்லை. சுனாமி என்ற சொல்லையே மறுநாள் பேப்பரில்தான் படித்தோம். அன்றைக்கு எல்லோரும் சொன்னது "கடல் பொங்கிருச்சு" என்பதுதான்.

எங்கள் தெரு வரை தண்ணீர் வரவில்லை, ஜனங்கள்தான் ஓடிவந்தார்கள். இடுப்புக்குக் கீழே கறுப்புச் சேறு அப்பியிருந்தது. ஒரு அம்மா குழந்தையென்று நினைத்துத் தலையணையை அணைத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் நான் துறைமுகம் பக்கம் போனபோது விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கரையோர மீனவ ஊர்களான கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை பற்றி எழுத எனக்குச் சொற்கள் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் 6,000 பேருக்கும் மேல் எங்கள் ஒரு மாவட்டத்தில்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவர் ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பினார். உடல்களைப் புதைக்கும் முன் படம் எடுக்க வேண்டும், கேமராவோடு வாருங்கள் என்று. முதலாளி கடையில் இருந்த அத்தனை பிலிம் ரோலையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அங்கே நான் செய்த தவறுகளைச் சொல்லியாக வேண்டும். இன்னொருவருக்கு இந்த வேலை வரக் கூடாது. வந்தால் உதவும்.

முதல் நாள் முகத்தை மட்டும் எடுத்தேன். முகம் நெருக்கமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் கிடந்த முகம் ஒரே நாளில் மாறிவிடும். பெற்ற தாய்கூடப் படத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுவார். கடைசியில் அடையாளம் காட்டியவை கையில் குத்திய பச்சை, தாலியின் வடிவம், கொலுசு, ரவிக்கைத் துணி, பிள்ளைகளின் அரைஞாண் கயிறு, மிதியடி இவைதான். இரண்டாம் நாள்தான் அவற்றைத் தனித்தனியாக எடுக்க ஆரம்பித்தேன். முகத்தைத் துடைப்பதற்கு முன் ஒன்று, துடைத்த பின் ஒன்று.

அடுத்த தவறு, நம்பர். முதல் ரோலில் எந்த உடலுக்கும் பக்கத்தில் எண் எழுதிய சீட்டு இல்லை. பிரிண்ட் வந்த பிறகு எந்தப் படம் எந்தக் குழியில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் காலண்டர் அட்டையைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் எண்ணையும் தேதியையும் உடலை எடுத்த இடத்தையும் எழுதி, படத்துக்குள் தெரியும்படி வைத்தேன். 'எடுத்த இடம்' என்பதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், "என் வீட்டுக்காரி மீன் ஏலம் எடுக்கப் போயிருந்தா" என்று வருகிறவருக்குத் தேட வேண்டிய வரிசை பாதியாகக் குறைந்துவிடும். முதல் ரோலில் இருந்த 36 பேரை இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் படங்களைத் தேடி வருகிறவரைத் தனியாகப் பார்க்க விடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். முதலில் நகை, துணிப் படங்களைக் காட்டி, அது பொருந்தினால் மட்டும் முகத்தைக் காட்ட வேண்டும். நாங்கள் முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் பலகையில் ஒட்டிவிட்டோம். பிள்ளைகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இறந்தவர் முகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு மகன் அம்மாவை அப்படியா பார்க்க வேண்டும்?

டிசம்பர் 30-ம் தேதி இன்னொரு ஓட்டம். மறுபடியும் கடல் வருகிறது என்று மேலிடத்திலிருந்தே எச்சரிக்கை வந்து, முகாமில் இருந்தவர்கள் எல்லாம் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஓடினார்கள். லாரியைப் பிடித்துத் தொங்கினார்கள். நானும் ஓடினேன். ஒன்றும் வரவில்லை. அந்த ஓட்டத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை மாதிரி ஏதோ எங்களுக்குள் உடைந்தது. பல மாதம் யார் சத்தமாகப் பேசினாலும் கால் தானாகக் கிளம்பும்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன்.

ஜனவரி பாதியில் முதல் ஆள் வந்தார். அக்கரைப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு, "தம்பி, எம்மவ மொகம் ஒங்ககிட்ட இருக்குமா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டில் இருந்த ஆல்பம், பிரேம் போட்ட படம், ரேஷன் கார்டு எல்லாம் போய்விட்டன. மாலை போடக்கூட ஒரு படம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய அக்கா மகன் கல்யாணத்தை நாங்கள் எடுத்திருந்தோம். அதில் எங்காவது அந்தப் பெண் நின்றிருப்பாளா என்று கேட்க வந்திருக்கிறார்.

நெகட்டிவ்களை ஆறு ஆறாக வெட்டிக் கவரில் போட்டு, தேதிவாரியாக அட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம். பழைய பெட்டிகளைக் கொளுத்திவிடலாம் என்று அதற்கு முந்தைய ஆயுதபூஜைக்குப் பேசினோம். சோம்பலில் விட்டுவிட்டோம். லைட் பாக்ஸில் வைத்து இரண்டு மணி நேரம் தேடினோம். பந்தி பரிமாறும் படத்தில், ஓரத்தில், அப்பளத்தைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி ஒரு பெண். "இவதான்" என்றார். மாப்பிள்ளை, பெண் எல்லாரையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தோம். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. அரை மணி நேரம் நின்று, அன்று காலை தான் எங்கே இருந்தார் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆழ்கடலில் இருந்திருக்கிறார். அலை அவர் படகுக்கு அடியில்தான் போயிருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. மீனோடு கரைக்கு வந்தபோது கரை இல்லை.

அவர் போன பிறகு அதை அந்த நெகட்டிவ் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. அடுத்து வந்தவருக்கும் எழுதினேன். அந்த வருடம் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் முகத்தைக் கேட்டார்கள், எல்லோரும் இடத்தைச் சொன்னார்கள். "நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன்." "பசங்க கரையில கிரிக்கெட் வெளையாடப் போனாங்க, லீவுதானே." "மொதத் தண்ணி வடிஞ்சதும் பீரோவுல இருந்த நகைய எடுக்கப் போனாரு, அடுத்தது பெருசா வந்துருச்சு." இந்தக் கடைசி வரி மட்டும் இருபது முப்பது கவர்களில் இருக்கிறது. திரும்பிப் போனது ஒரு பட்டுப்புடவைக்காக, ஒரு ஆட்டுக்குட்டிக்காக, பையனின் பள்ளிச் சான்றிதழுக்காக. பெண்கள் அதிகம் போனதற்குக் காரணமும் கவர்களில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி விற்கக் கரையில் நின்றவர்கள் அவர்கள். புடவை காலைச் சுற்றியது, கூந்தல் கருவேல முள்ளில் மாட்டியது.

படங்களைப் பற்றி ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், வெள்ளம் வரும் ஊர்களில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நனைந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். வெயிலில் காயவைத்துவிட்டு வந்தவர்களுடையதைக் காப்பாற்ற முடியவில்லை. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கும்போது முகம் உரிந்துவிடும். ஈரத்தோடு கொண்டுவந்தவர்களுடையதில் பாதிக்கு மேல் தப்பியது. ஸ்டுடியோவில் கழுவிய பிரிண்ட் நனைந்தால் சேற்றைத் தேய்க்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதற்குள்ளேயே மெல்ல ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். உப்புத் தண்ணீர், சாக்கடை என்றால் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்கத் துணியில் பரப்பிவிடுங்கள், அல்லது கொடியில் ஓரத்தை மட்டும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். நெகட்டிவும் அப்படியே. உடனே முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டு ப்ரீசரில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக்கூடச் செய்யலாம். இப்போது வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவை தண்ணீர் பட்டால் சாயம் கரைந்துவிடும், அவற்றுக்கு இந்த வைத்தியம் உதவாது. அவற்றுக்கு வேறு பிரதி இருக்க வேண்டும்.

பிரதி என்றதும் கம்ப்யூட்டரை மட்டும் நினைக்காதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தெளிவான முகம் ஒன்று, போஸ்ட்கார்டு அளவான மேக்சி சைஸில், பின்னால் பென்சிலால் பெயர், பிறந்த வருடம், ஊர் எழுதி, கடலோரத்தில் இல்லாத ஒரு உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். எங்கள் வீட்டுப் படங்கள் மன்னார்குடி அத்தை வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் படங்கள் எங்களிடம். ரேஷன் கார்டு, பத்திரம், சான்றிதழ் நகல்களும் அதே கவரில். பீரோவுக்காகத் திரும்பிப் போகாமல் இருக்க இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

இப்போது என்னுடைய கதை. வேளாங்கண்ணி பஸ்ஸை நான் விட்டதற்குக் காரணம், பிளாஷ் பேட்டரி சார்ஜ் ஆகாததுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். 2013-ல் முதலாளி கடையை என்னிடம் ஒப்படைத்தபோது பழைய பில் புத்தகங்களைப் புரட்டினேன். 26.12.2004 தேதியில் ஒரே ஒரு பில். பாஸ்போர்ட் சைஸ், 8 காப்பி, பென்ஷன் என்று என் கையெழுத்தில். அப்போதுதான் அந்தப் பாட்டி நினைவுக்கு வந்தார். நடுங்கிக்கொண்டிருந்த அவருக்கு முகம் நேராக நிற்கவில்லை, அதனால்தான் நேரமாகிவிட்டது. பேட்டரி கதை எங்கிருந்து வந்தது? வேறு ஒரு நாள் நடந்தது அதில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னைக் காப்பாற்றிய ஒருவரை எட்டு வருடம் மறந்துபோயிருந்தேன். தேடிப் போனபோது அவர் காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

மொட்டை போட வந்த குடும்பம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அட்வான்ஸ் ரசீதின் அடிக்கட்டை இருக்கிறது. அதில் ஊர் எழுதவில்லை. அன்றிலிருந்து ஊர் எழுதாமல் நான் பில் போடுவதில்லை.

அதனால் கேட்டு எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், சீக்கிரம் எழுதுங்கள். பத்து வருடம் கழித்துச் சொல்பவர் பொய் சொல்வதில்லை, ஆனால் பேச்சு மாறியிருக்கும். 2005-ல் "நான் கடலுக்குப் போயிருந்தேன்" என்று சொன்ன ஒருவர், 2015-ல் கரையில் நின்று மனைவியின் கையைப் பிடித்திருந்ததாகச் சொன்னார். கவரைக் காட்டி நான் திருத்தவில்லை. கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று பத்து வருடம் நினைத்திருக்கிறார். இரண்டையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

கேட்கும் விதமும் உண்டு. "எப்படி இறந்தாங்க" என்று ஆரம்பித்தால் வாய் அடைத்துவிடும். "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க" என்று கேளுங்கள். பழையது, கருவாடு என்று தொடங்கி அவர்களே நடந்து வருவார்கள். டிசம்பர் 26 அன்று கேட்காதீர்கள், அன்று அவர்கள் கடலுக்குப் பால் ஊற்றப் போக வேண்டும். நேரத்தைக் கேட்காமல், டிவியில் என்ன ஓடியது, ஏலம் முடிந்துவிட்டதா என்று கேட்டால் நேரம் தானாக வரும். அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இதனால் என்ன பயன் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். சுமத்ராவை ஒட்டி சிமலூ என்று ஒரு தீவு. அதிர்ந்த இடத்துக்கு மிக அருகில். அங்கே 1907-ல் இதேபோல் கடல் வந்து ஊரை அழித்திருக்கிறது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், பொருளை விட்டு மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் கடலுக்குப் பலியானவர்கள் 7 பேர். சைரன் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. பாட்டி எங்கே இருந்தாள், என்ன பார்த்தாள் என்பது மட்டும்தான் அவர்களிடம் இருந்தது.

நம்மிடமும் இருந்தது. அப்போது எங்கள் மாவட்டத்தில் இருந்த பூம்புகாரைக் கடல் கொண்டது என்று பள்ளியில் படித்தோம். 'கடல்கோள்' என்று ஒரு சொல்லே தமிழில் இருக்கிறது. அதைக் கோடிட்ட இடத்தில் நிரப்பி இரண்டு மதிப்பெண் வாங்கினேன். கடல் உள்வாங்கினால் ஓடு என்று அதோடு சேர்த்து ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது, மயிலாப்பூர்ச் சித்தி மறுபடியும் போன் செய்தார். "கட்டில் ஆடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டார். கரைப்பக்கத்து ஆட்களுக்கு நான் போன் செய்தபோது பாதிப் பேர் ஏற்கெனவே மேற்கே நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் பீரோவைத் திறக்கவில்லை. நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் அன்று பெரிய அலை எழவில்லை, மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். வீணாக ஓடினோம் என்று ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் ஒரு தவறு செய்தேன். நெகட்டிவ் பெட்டிகளை மாடிக்கு ஏற்ற இருபது நிமிடம் செலவழித்தேன். அம்மா தெருவிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். அடுத்த வாரமே பெட்டிகளை நிரந்தரமாக மாடியில் வைத்துவிட்டேன்.

போன வருடம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். திருப்பூரில் வேலை பார்க்கிறாள். சுனாமியின்போது மூன்று வயது. அப்பாவும் இப்போது இல்லை. "மாமா, எங்க அம்மா படம் ஒங்ககிட்டதான் எடுத்ததுன்னு அத்தை சொன்னாங்க" என்றாள். கவரைத் தேடி எடுத்தேன். அவளுடைய சித்தியின் வளைகாப்பில் சந்தனம் பூசும் கை, அதற்கு மேல் பாதி முகம். அதை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது அவள் கவரைத் திருப்பிப் பார்த்தாள். 2005 மார்ச்சில் அவளுடைய அப்பா சொன்னது, என் பென்சில் எழுத்தில்: 'மீன் கூடை எடுக்கப் போனாள். போகும்போது பாப்பாவை மேட்டுத் தெரு நாத்தனார் வீட்டில் விட்டாள். பாப்பா அழுததால் திரும்பி வந்து ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.'

நீண்ட நேரம் அதையே படித்துக்கொண்டிருந்தாள். "இதையும் ஒரு காப்பி போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

அதுவரை நெகட்டிவை மட்டும்தான் ஸ்கேன் செய்துவந்தேன். அதன் பிறகு கவரின் பின்பக்கத்தையும் எடுக்கிறேன். பென்சில் எழுத்து மங்கியிருப்பதால் விளக்கைச் சாய்த்து வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு பத்து கவர்தான் முடிகிறது.